கலோரியை வாட்டாக்கினால் ஏன் இரண்டு விடை?

"சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 1 கலோரி என்ற பழைய வெயில் அளவை வாட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரு கணிப்பான் சதுர மீட்டருக்கு 697.3 வாட் என்கிறது, இன்னொன்று 697.8 என்கிறது. எது சரி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டுமே சரிதான். அந்த அரை வாட் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை.

வெப்பப் பாய அடர்த்தி என்பது ஒரு பரப்பின் வழியே வெப்பம் என்ன வேகத்தில் கடக்கிறது என்பதைச் சொல்லும் அளவு. ஆற்றலைப் பரப்பாலும் காலத்தாலும் வகுத்தால் கிடைத்துவிடும். ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர் இருப்பதால் அதனால் பெருக்குகிறோம், நிமிடத்துக்கு 60 நொடி என்பதால் அதனால் வகுக்கிறோம். இவை இரண்டும் அசையாத எண்கள். பின்னால் வரப்போகும் அடியும் அப்படித்தான், வரையறைப்படி துல்லியமாக 0.3048 மீட்டர். ஆக, விடை மாறுகிறதென்றால் மாறுவது கலோரி மட்டுமே.

வெயிலைக் கலோரியில் அளக்கும் வழக்கம் வந்ததற்குக் காரணம் தண்ணீர். பிரெஞ்சு இயற்பியலாளர் கிளோட் பூயே, கரிபூசிய முகத்தைச் சூரியனுக்குக் காட்டும் சிறு தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, அதில் வெப்பமானியைச் செருகி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தார். வளிமண்டலம் விழுங்கும் பங்கையும் கணக்கிட்டுச் சேர்த்து, 1838இல் அவர் வெளியிட்ட மதிப்பு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 1.76 கலோரி. இன்றைய அலகில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,227 வாட். செயற்கைக்கோள்கள் இன்று சொல்வது சுமார் 1,361 வாட். ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு வெப்பமானியும் இவ்வளவு அருகில் கொண்டுபோய் விட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

1 கிராம் நீரை 1 டிகிரி சூடாக்க வேண்டிய வெப்பம் 1 கலோரி என்று பள்ளியில் படித்தோம். ஆனால் எந்த வெப்பநிலையிலுள்ள நீர்? நீரின் வெப்ப ஏற்புத்திறன் நிலையானதல்ல. உறைநிலையிலிருந்து மேலேற ஏற மெல்லக் குறைந்து, 35 டிகிரிக்கு அருகே அடிமட்டத்தைத் தொட்டு, மறுபடி உயர்கிறது. அதனால் 15 டிகிரி கலோரி என்றும் 20 டிகிரி கலோரி என்றும் தனித்தனியாகப் பிறந்தன. முன்னது சுமார் 4.1855 ஜூல், பின்னது சுமார் 4.182. இந்தக் குழப்பத்தை முடிக்க வேதியியலாளர்கள் நீரையே விட்டுவிட்டு, 1 கலோரி என்றால் 4.184 ஜூல் என்று வரையறுத்துக்கொண்டார்கள். வாசகரின் 697.3 அங்கிருந்து வருகிறது.

697.8 வருவது நீராவிப் பொறியாளர்களிடமிருந்து. 1956இல் லண்டனில் நடந்த நீராவிப் பண்புகள் பற்றிய 5ஆவது பன்னாட்டு மாநாட்டில், 1 கலோரி 4.1868 ஜூல் என்று முடிவாயிற்று. இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 41868இன் இலக்கங்களைக் கூட்டினால் 27, ஆகவே அது 9ஆல் மீதியின்றி வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 68, ஆகவே 4ஆலும் வகுபடும். இரண்டும் சேர்ந்தால் 36ஆல் வகுபடும், ஈவு 1163. ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி அல்லவா? எனவே சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோகலோரி என்பது துல்லியமாக 1.163 வாட். முடிவில்லாமல் ஓடும் தசமமே இல்லை. அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனித உடலுக்கு சதுர மீட்டருக்கு மணிக்கு என்று வழக்கமாகக் கொள்ளும் 50 கிலோகலோரியை மனக்கணக்கிலேயே 58.15 வாட் ஆக்கிவிடலாம்.

அந்த 9 இன்னொரு வேலையும் செய்கிறது. 1 பவுண்டு நீரை 1 ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்கும் வெப்பம் 1 பிடியு, அதாவது பிரிட்டிஷ் வெப்ப அலகு. ஃபாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்கு வர 5/9ஆல் பெருக்க வேண்டும். பவுண்டு 453.59237 கிராம். பெருக்கிப் பாருங்கள், கீழேயுள்ள 9 அடிபட்டுப் போய், 1 பிடியு 1055.05585262 ஜூல் என்று அப்படியே முடிந்து நிற்கும். பகுதியில் 3,600ஐயும் சதுர அடியையும் வைத்தால், சதுர அடிக்கு மணிக்கு 1 பிடியு என்பது சதுர மீட்டருக்கு 3.1546 வாட். மாற்று எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லும் பாடநூல்கள் இந்த அழகை மறைத்துவிடுகின்றன என்பது என் வருத்தம்.

வெயில் பதிவென்றால் 4.184ஐயும் கொதிகலன் கணக்கென்றால் 4.1868ஐயும் எடுத்துக்கொள்ளலாம். பழைய ஏட்டில் 'லாங்லி' என்றிருந்தால் மட்டும் கவனம் தேவை. அது சதுர சென்டிமீட்டருக்கு 1 கலோரி, அவ்வளவுதான். காலம் அதில் இல்லை, நிமிடத்துக்கா நாளுக்கா என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கருவியில் இருக்கிறது. நேர் வெயிலை அளக்கும் கருவிக்குப் பைரீலியோமீட்டர் என்று பெயர். 1956இல் வகுத்த பன்னாட்டுப் பைரீலியோமீட்டர் அளவுகோலில் எடுத்த அளவை, இன்று சுவிட்சர்லாந்தின் டாவோஸில் பேணப்படும் உலகக் குறிப்பளவுக்குக் கொண்டுவர 1.022ஆல் பெருக்க வேண்டும். பழைய ஏட்டில் 1.50 கலோரி என்றிருக்கிறது எனக் கொள்வோம். எந்தக் கலோரி என்ற கேள்வியால் வரும் வேறுபாடு 0.7 வாட். எந்த அளவுகோல் என்று பார்க்கத் தவறினால் 23 வாட் போய்விடும். புதிய கருவி வாங்கப் பணம் ஒதுக்குவோர், பழைய ஏடுகளைப் படித்து அளவுகோலைக் கண்டறிந்து திருத்தும் வேலைக்கும் ஒதுக்க வேண்டும். பல பத்தாண்டு வெயிலை மறுபடி அளக்க எந்தக் கருவியாலும் முடியாது. வாசகரின் ஏடு எந்த ஆண்டைச் சேர்ந்தது, எந்தக் கருவியில் எடுத்தது என்று எழுதினால், மீதிக் கணக்கைச் சேர்ந்தே போடலாம்.