சத்தம் கேட்கவில்லை என்பதால் பிஸ்டன் பிழைத்துவிடாது

ஒரு மடிக்கணினி, ஒரு கேபிள், யூடியூப்பில் அரை மணி நேரம். இவை இருந்தால் வீட்டு விறாந்தையிலேயே பைக்கின் இசியூவைத் (எஞ்சினை நடத்தும் சிறு கணினி) திறந்து மேப்பை (எப்போது பொறி, எவ்வளவு பெற்றோல் என்று சொல்லும் எண் அட்டவணை) மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நன்றாகப் பரவிவிட்டது. திறக்கலாம்தான். எண்களை மாற்றவும் முடியும். மாற்றிய எண் எஞ்சினுக்குள் என்ன செய்கிறது என்று எதை வைத்துப் பார்த்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. அதற்கு மட்டும் இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை.

போன கிழமையும் என் கராஜுக்கு ஒன்று வந்தது. 150 சிசி வண்டி, லீசிங் இன்னும் கட்டி முடியவில்லை. "ஓடிக்கொண்டிருக்கும்போது தானாகவே நின்றுவிட்டது அண்ணே" என்றார் தம்பி. மேப்பில் கை வைத்தவர்கள் எல்லோருடைய வண்டியும் தானாகவேதான் நிற்கும். பிளக்கைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் சாம்பல் நிறப் புள்ளிகள். அது கரி அல்ல, பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டனின் ஓரம் அரித்துப்போய், மேல் ரிங்குக்கு மேலேயுள்ள விளிம்பில் ஒரு துண்டு உடைந்திருந்தது. அதன் பிறகுதான் உண்மை வந்தது: நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மேப், அதற்கு மேல் இவர் சொந்தமாக முன்னே தள்ளிய நான்கு பாகை டைமிங், அதாவது பொறி விழும் நேரம்.

என்னை மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கை இதுதான்: டைமிங்கை முன்னே தள்ளத் தள்ளப் பவர் கூடும், கம்பனிக்காரன் வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறான். இதை எத்தனை பேருக்குச் சொன்னேனோ தெரியாது. இன்னொரு தடவை சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். சிலிண்டருக்குள் கலவை ஒரேயடியாக வெடிப்பதில்லை, எரிகிறது. எரிய நேரம் வேண்டும். நிமிடத்துக்கு 9,000 சுற்றில் ஓடும் எஞ்சின் ஒரு செக்கனில் 150 தடவை சுற்றுகிறது; 45 பாகை திரும்ப அதற்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதனால்தான் பிஸ்டன் மேல்முனைக்கு வருமுன்பே பொறி விழுகிறது. நோக்கம் ஒன்றே: அழுத்தத்தின் உச்சம் பிஸ்டன் மேல்முனையைத் தாண்டிச் சுமார் 15 பாகை இறங்கிய இடத்தில் வரவேண்டும். அந்த இடம் கிடைத்துவிட்டால் டைமிங்கின் வேலை முடிந்தது. அதற்கு மேலும் தள்ளினால், இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையிலேயே அழுத்தம் அடிக்கும். பவர் குறையுமே தவிரக் கூடாது.

அந்தச் சரியான இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பாகை முன்பின் போனால் இழுவையில் வித்தியாசம் மிகமிகக் குறைவு. இருக்கையில் உட்கார்ந்து அதை உணர முடியாது. "வித்தியாசம் தெரிகிறது அண்ணே" என்பவர்களின் வண்டியைப் பாருங்கள், சைலன்சரும் மாற்றப்பட்டிருக்கும். கூடியது சத்தம்.

இன்னொன்று. நாம் அடிப்பது பெரும்பாலும் 92 ஒக்டேன் பெற்றோல். பல எஞ்சின்கள் அந்தச் சரியான இடத்தை எட்டுமுன்பே நொக்கிங் எல்லையைத் தொட்டுவிடும். பொறியின் சுவாலை வந்து சேருமுன் மீதிக் கலவை தானாகவே வெடிப்பதுதான் நொக்கிங். கம்பனி விட்டுவைத்த இடைவெளி கஞ்சத்தனம் அல்ல. தரம் குறைந்த பெற்றோலுக்கும், வெயிலுக்கும், பின்னால் ஓர் ஆளையும் நடுவில் ஓர் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போகும் நமக்கும் சேர்த்து விட்ட இடம் அது.

"நொக்கிங் வந்தால் சத்தம் கேட்குமே" என்பார்கள். கீழ்ச் சுற்றில், உயர்ந்த கியரில், மெதுவாக ஏற்றம் ஏறும்போது கேட்கலாம். ஹெல்மெட்டுக்குள், 8,000 சுற்றில், திறந்த சைலன்சரோடு எனக்கும் கேட்காது, உங்களுக்கும் கேட்காது. பிஸ்டனுக்கு மட்டும் கேட்கும். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். பிஸ்டன் வார்க்கும் கலப்புலோகம் அதற்கும் முன்பே இளகத் தொடங்கும். சுவாலையோ 2,000 பாகைக்கு மேல். இரண்டுக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலம்தான் பிஸ்டனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நொக்கிங் அந்தப் படலத்தைக் கிழிக்கிறது. கார்களில் இருப்பதுபோல் நொக் சென்சர் இருந்தால் இசியூ தானே டைமிங்கைப் பின்னிழுத்துவிடும். நம் வீதிகளில் ஓடும் 150 சிசி வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது.

நம் ஊரின் காலநிலையையும் மறந்துவிடுகிறார்கள். மார்கழி மழை ஓய்ந்த மாலையில் பார்த்து "பிரச்சினை இல்லை" என்று முடிவு செய்த மேப், கச்சான் காற்று அனல் அள்ளி வீசும் ஆடி மாதத்தில் அதே வண்டியில் நொக்கிங் எடுக்கும். உள்ளே போகும் காற்று சூடாகச் சூடாக அந்த எல்லை நெருங்கி வரும். ஆறு மாதம் ஓடியதே என்பது வாதமே அல்ல.

எரிபொருள் மேப்பில் கை வைப்பவர்கள் வேறு ரகம். இந்த ஆசை 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில்தான் வேர்விட்டது. கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று வரிசையில் நின்றவர்கள் பெற்றோலைக் குறைக்க வழி தேடியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வழி வேலை செய்யாது. சீராக ஓடும்போது புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சரைப் பார்த்து இசியூவே கலவையை 14.7 பங்கு காற்றுக்குப் பெற்றோல் ஒரு பங்கு என்ற எடை விகிதத்துக்குத் திருப்பிவிடும். நீங்கள் குறைத்ததை அது நிரப்பிவிடும். அது சென்சரைப் பார்க்காமல் மேப்பை மட்டும் நம்பும் இடம் முழுத் திரொட்டில். அங்கே எஞ்சினுக்கு வேண்டியது 13க்கு ஒன்றை ஒட்டிய செழிப்பான கலவை. ஆக, உங்கள் சிக்கனம் தங்குவது எஞ்சினுக்குப் பெற்றோல் மிகவும் தேவைப்படும் இடத்தில் மட்டும். மறுபக்கம், பவர் ஆசையில் அளவுக்கு மீறி ஊற்றுபவர்கள் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போய் முகம் வாடித் திரும்புகிறார்கள்.

வண்டியோடு வந்த ஒட்சிசன் சென்சரை வைத்து டியூன் செய்யாதீர்கள். கலவை 14.7க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே அதற்குச் சொல்லத் தெரியும், எவ்வளவு தூரம் என்று தெரியாது. அந்தத் தூரத்தை அளக்க வைட்பேண்ட் சென்சர் வேண்டும். நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்ப்பதும் பயனில்லை. சுமை இல்லாத சக்கரம் மேப்பின் கீழ் மூலையைத்தான் தொடும், பிஸ்டன் உடைவது மேல் மூலையில். மூடிய விறாந்தையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும். களுவாஞ்சிக்குடி நேர்ப்பாதையில் முழுத் திரொட்டில் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியில் எண் பார்ப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

கட்டாயம் கை வைக்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் கம்பனி மேப்பைப் படித்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். பற்றரி முழுச் சார்ஜில் இருக்கட்டும். எழுதும் நடுவில் மின்னழுத்தம் விழுந்தால் இசியூ எழும்பாமலே போகலாம். அடுத்தவர் வண்டியின் மேப்பை ஏற்றவே ஏற்றாதீர்கள். வைட்பேண்டும், நின்ற இடத்திலேயே சக்கரத்துக்குச் சுமை கொடுத்துப் பவரை அளக்கும் டைனோவும் இல்லாமல் டைமிங் அட்டவணையைத் தொடவே வேண்டாம்.

ஏற்கெனவே மாற்றிவிட்ட தம்பிமார், வெயில் காலம் வருமுன் பழைய மேப்பைத் திரும்ப ஏற்றுங்கள். அது கையில் இல்லையென்றால் வண்டியோடு கராஜுக்கு வந்து முதல் வார்த்தையிலேயே உண்மையைச் சொல்லுங்கள். ஏசுவேன்தான். ஆனால் மேப் மாறியது தெரியாமல் இன்ஜெக்டரையும் பம்பையும் நான் கழற்றிப் பார்க்கும் இரண்டு நாள் கூலி உங்களுக்கு மிஞ்சும்.