பனிமலைக்குத் தனியாகவா, தம்பி?

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மே மாத மதியம், பாளையங்கோட்டையில் என் கிளினிக்குக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு இளைஞர் தன் அம்மாவோடு வந்தார். சென்னையில் ஐடி வேலை, மாரத்தான் ஓடுகிறவர். உடற்தகுதிச் சான்றிதழ் வேண்டுமாம். ஜூலையில் ரஷ்யாவிலுள்ள எல்பிரஸ் ஏறப் போகிறார். 5,642 மீட்டர், ஐரோப்பாவிலேயே உயரமான சிகரம், மேல்பாதி முழுக்கப் பனியாறு. யாரோடு போறீங்க என்று கேட்டேன்.

"தனியாத்தான் சார். கைடு வச்சா செலவு எகிறுது."

அம்மா குறுக்கே புகுந்தார். "நீங்களாவது சொல்லுங்க சார். குத்தாலத்துல சாரல் விழுற நேரத்துல இவன் பனியில போயி என்ன செய்யப் போறான்?"

ராணுவ மருத்துவராக லடாக்கில் சில வருடங்கள் இருந்தவன் நான். போகாதே என்று சொல்லும் ஆள் இல்லை. இசிஜி, ரத்தம், நுரையீரல் எல்லாம் பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் அவர் பாளையங்கோட்டையில் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் சொல்லும். ஐயாயிரம் மீட்டரில் எப்படி இருப்பார் என்பதை எந்த டெஸ்ட்டும் இங்கே உட்கார்ந்து சொல்லாது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் ஓட்டக்காரர், தொப்பைக்காரர் என்று பார்த்து வருவதில்லை. சொல்லப்போனால் ஓட்டக்காரருக்கு ஆபத்து ஒரு படி கூட, வேகமாக ஏறிவிடுவார்.

"பொதிகையில மூணு தடவை ஏறியிருக்கேன் சார்" என்றார். நல்லது, காலுக்குப் பயிற்சி. ஆனால் அகத்தியர் மலை 1,868 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியே 2,695தான். பெரும்பாலானவர்களை உயர நோய் தொட ஆரம்பிப்பது அதற்கும் மேலே. ஆக, நம் ஊரில் இருந்துகொண்டு உயரத்துக்குப் பழக வழியே இல்லை. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. எல்பிரஸிலோ கேபிள் கார் உங்களைக் கொஞ்ச நேரத்தில் 3,800 மீட்டருக்கு மேல் இறக்கிவிட்டுப் போய்விடும். உடம்புக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

ராணுவத்தில் கணக்கு வேறு. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை ஆறு நாள், அடுத்து 15,000 வரை நாலு நாள், அதற்கு மேல் இன்னும் நாலு நாள். பதினாலு நாள் பழகிய பிறகே வேலை. மலையேறுபவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் பொது விதி, 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு இரவும் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வு. லீவு பத்து நாள்தான் என்பதெல்லாம் மலைக்குத் தெரியாது.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. ஒரு முகாமில் காலையில் ஒரு ஜவானை என்னிடம் இழுத்து வந்தார்கள். இடது பூட்ஸை வலது காலில் மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். "நல்லாத்தான் இருக்கேன் சாப்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். தரையில் ஒரு கோட்டைக் காட்டி, குதிகாலும் விரல்நுனியும் தொட நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் சரிந்தான். உயர நோய் முற்றி மூளை வீக்கம். அப்போதே கீழே இறக்கினோம், பிழைத்தான். அவனுடைய நோயைக் கண்டுபிடித்தது நான் இல்லை, பக்கத்துப் படுக்கைக்காரன். ராத்திரி கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னானாம்.

தனியாகப் போகிறவருக்கு அந்தப் பக்கத்துப் படுக்கைக்காரன் இல்லை. நோய் பிடிப்பது எந்த மூளையையோ, அதே மூளைதான் 'எனக்கு ஒன்றுமில்லை' என்றும் தீர்ப்பு சொல்லும். கயிறு பிடிக்க ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் உடனே தோன்றும். இது யாருக்கும் தோன்றுவதில்லை.

கயிறும் லேசான விஷயம் இல்லைதான். பனியாற்றில் ஆழமான வெடிப்புகள் இருக்கும், மேலே புதுப்பனி மூடித் தளம் போட்டிருக்கும். பாழுங்கிணற்றின் மேல் ஓலை பரப்பி மண் தூவி வைத்தது போல. மூன்று பேர் கயிற்றில் கோத்துப் போனால் ஒருவர் விழுந்தாலும் மற்றவர்கள் தாங்குவார்கள். தனி ஆள் குறுகலான இடுக்கில் விழுந்தால் உடம்புச் சூட்டில் பனி உருகி இன்னும் கீழே இறங்கிச் சிக்குவார். ஜப்பானிய மலையேற்ற வீரர் நவோமி உவேமுரா 1984 குளிர்காலத்தில் அலாஸ்காவின் தெனாலி சிகரத்தில் தனியாக ஏறியபோது மூங்கில் கம்புகளை உடம்போடு குறுக்காகக் கட்டியிருந்தார், விழுந்தாலும் வெடிப்பின் இரண்டு கரையிலும் கம்பு மாட்டிக்கொள்ளட்டும் என்று. காவடி எடுத்த மாதிரி. பிப்ரவரி 12, அவருடைய 43ஆவது பிறந்தநாளில் உச்சியைத் தொட்டார். மறுநாளோடு தொடர்பு அறுந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

கைடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் இதே எல்பிரஸில் கைடுகளோடு போன குழுவைப் பனிப்புயல் பிடித்து ஐந்து பேர் இறந்தார்கள். அங்கே பார்வை மறைந்தால் பாதை தவறி வெடிப்புகள் உள்ள பக்கம் போய்விடுவது நடக்கிற கதை.

குளிரைப் பற்றிச் சுருக்கமாக. மார்கழியில் 22 டிகிரிக்கே மப்ளர் கட்டும் ஊர் நமது. விரல் வலித்தால் பரவாயில்லை, வலி திடீரென நின்றால்தான் பயப்பட வேண்டும். உறைந்த விரலைத் தேய்க்காதீர்கள், அடுப்பில் காட்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம், அதுவும் மறுபடி உறையாது என்று உறுதியான இடத்தில் மட்டும்.

உயர நோய் வராமல் தடுக்கப் போடும் டயாமாக்ஸ் மாத்திரை கேட்டார். முன்தடுப்புக்கு 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள், விரல் மரமரக்கும், சோடா சப்பென்று இருக்கும். அது வேகமாக ஏற லைசென்ஸ் இல்லை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், மருந்துக்கு முன்னால் கீழே இறங்குவதுதான் வைத்தியம், இருட்டாக இருந்தாலும்.

அப்புறம் ஒரு விஷயம். சேட்டிலைட் போன் இருக்கிறதே என்ற தைரியத்தில் நம் இமயமலைக்குத் தனியாகக் கிளம்புகிறவர்களும் உண்டு. தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை இந்தியாவுக்குள் வைத்திருப்பதே குற்றம்.

முதலில் உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ உள்ள மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி எடுக்கச் சொன்னேன். இந்த வருடம் முடியாது என்றார். சரி, குறைந்தது கயிற்றுக்கு ஒரு ஆள் தேடுங்கள் என்றேன். என் லெட்டர்பேடில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து, எத்தனை மணி ஆனால் எங்கே இருந்தாலும் திரும்புவீர்கள், எந்த அறிகுறி வந்தால் இறங்குவீர்கள், இப்போதே எழுதுங்கள் என்றேன். மேலே போய் யோசிக்கக் கூடாது என்பதால்தான். பேனாவைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். மாலை நாலு மணி என்று எழுதி, அடித்து, மதியம் ஒரு மணி என்று திருத்தினார்.

ஜூன் கடைசியில் வாட்ஸ்அப் வந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கயிற்றுக்குச் சேர்ந்திருக்கிறார், கைடு செலவை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், பயணத்தை நாலு நாள் நீட்டியாயிற்று. அந்தத் தாளின் ஜெராக்ஸ் ஒன்று அம்மாவிடம் இருக்கிறதாம். "ஒரு மணிக்கு மேல எந்தப் போட்டோவும் எனக்கு அனுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார்."