மீட்டரில் 12.6 வோல்ட், சாவியைத் திருப்பினால் டக்டக்டக்: புல்வெட்டி வண்டி ஏன் கிளம்பவில்லை?

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது, சாவியைத் திருப்பினால் டக்டக்டக்டக் என்று சத்தம் மட்டும் வருகிறது, பேட்டரியை மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட் இருக்கிறது, அப்படியானால் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போய்விட்டதா, மாற்றிவிடட்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள், அந்தச் சத்தத்திலேயே பாதி பதில் இருக்கிறது.

முதலில் பாதையைப் பார்த்துவிடுவோம். சாவியிலிருந்து சிறிய மின்னோட்டம் ஒன்று கிளம்பி, பிரேக் மிதி, பிளேடு லீவர், இருக்கை இவற்றின் அடியில் உள்ள பாதுகாப்பு ஸ்விட்சுகளைக் கடந்து சொலினாய்டுக்கு வருகிறது. சொலினாய்டு என்பது ஒரு கம்பிச்சுருள், அதற்குள் ஓர் இரும்புத் தண்டு, தண்டின் முனையில் ஒரு செம்புத் தட்டு. சுருள் காந்தமானதும் தண்டு உள்ளே இழுபட, செம்புத் தட்டு இரண்டு தடித்த போல்ட்டுகளை இணைக்கிறது, பெரிய மின்னோட்டம் என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பாய்கிறது. சாவியைத் திருப்பியும் ஒரு சத்தமும் இல்லையென்றால் ஃபியூசையும் அந்த ஸ்விட்சுகளையும் பாருங்கள். ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு அப்படியே நின்றால், செம்புத் தட்டு கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரோ என்ஜினோ இறுகியிருக்கலாம். என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் அது பெட்ரோல் அல்லது ஸ்பார்க் பிளக் பக்கத்து விவகாரம்.

ஆனால் டக்டக்டக் என்று தொடர்ந்து அடித்துக்கொண்டால்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பள்ளியில் மின்சார மணி படித்திருப்பீர்கள். மின்காந்தம் சுத்தியலை இழுக்கும், இழுத்த உடனே சுற்று அறுந்துபோகும், சுத்தியல் பழைய இடத்துக்கு வரும், சுற்று மறுபடி இணையும். உங்கள் வண்டியின் சொலினாய்டு இப்போது ஏறக்குறைய அந்த மணியாகத்தான் மாறியிருக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று, மணியில் சுற்று அறுகிறது, இங்கே சுற்று பட்டினி கிடக்கிறது.

சுருளுக்கு வேண்டியது சில ஆம்பியர்தான், பேட்டரி அதைக் கொடுத்துவிடும், தண்டு உள்ளே போய்விடும். அந்தக் கணத்தில்தான் மோட்டார் பேட்டரியோடு சேர்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாருக்குள் எதிர் மின்னியக்கு விசை ஒன்று உண்டாகி மின்னோட்டத்தை அடக்கி வைக்கும், ஆனால் நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அப்படி எதுவும் கிடையாது, அது வெறும் தடித்த கம்பி. ஆக முதல் கணத்தில்தான் அது மிக அதிகமாகக் கேட்கும், 150 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியின் அகமின்தடை, அதாவது மின்னோட்டத்துக்குப் பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை, 0.01 ஓம் என்றால் உள்ளே இழப்பது 1.5 வோல்ட், பரவாயில்லை, வெளியே 11.1 வருகிறது, என்ஜின் சுற்றிவிடும். அதே தடை 0.04 ஓம் ஆகிவிட்டால், 150 ஆம்பியரை இழுக்கப் போனாலே 6 வோல்ட் உள்ளேயே போய்விடும். வெளியே மிஞ்சுவது 6.6. சுருளும் அதே பேட்டரியை நம்பித்தானே இருக்கிறது, அதன் பிடி தளர்ந்து ஸ்பிரிங் தண்டை வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளியதும் மோட்டார் விலகிவிட்டது, சுமை இல்லை, வோல்ட் சட்டென்று 12-க்கு மேல் ஏறுகிறது, சுருள் மறுபடி இழுக்கிறது. டக். மறுபடி சரிகிறது. டக்.

இதில் இன்னொரு நுணுக்கம். பாதி வழியில் தண்டு ஏன் தொங்கிக்கொண்டு நிற்பதில்லை? தண்டு வெளியே இருக்கும்போது இடைவெளி பெரிது, காந்த இழுப்பு குறைவு, அதனால் இழுக்க அதிக வோல்ட் வேண்டும். உள்ளே வந்து ஒட்டிக்கொண்ட பிறகு இடைவெளியே இல்லை, கொஞ்சம் வோல்ட் இருந்தாலே பிடித்துக்கொள்ளும். இழுக்கும் வோல்ட் வேறு, விடும் வோல்ட் வேறு. அந்த வித்தியாசத்தால்தான் நமக்குத் தெளிவான டக் டக் கேட்கிறது.

அப்படியானால் மீட்டர் 12.6 காட்டியது பொய்யா? பொய் இல்லை, அது கேட்ட கேள்விதான் மிகச் சிறியது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம், அது பேட்டரியிடம் வாங்குவது ஒரு மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று மேல். மோட்டார் கேட்பது அதைவிடச் சுமார் 12 கோடி மடங்கு. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல்லின் வோல்ட்டை முடிவு செய்வது அதன் காரீயத் தட்டுகளின் பரப்பு அல்ல, காரீயத்துக்கும் அமிலத்துக்கும் நடுவில் உள்ள வேதியியல், செல்லுக்கு 2.1, ஆறு செல்லுக்கு 12.6. தட்டு அரித்து, பொருள் உதிர்ந்து, பாதிப் பரப்பு போன பிறகும், மிச்சமுள்ள பாதி கிட்டத்தட்ட அதே எண்ணைக் காட்டும். பரப்பு முடிவு செய்வது எவ்வளவு ஆம்பியர் தர முடியும் என்பதை. அகமின்தடையைத் தேர்வுக்கான ஒரு சூத்திரமாக மட்டும் சொல்லிக்கொடுப்பது எனக்கு வருத்தம்தான், ஒரு பழைய பேட்டரியும் ஒரு பல்பும் இருந்தால் வகுப்பிலேயே கண்ணால் காட்டிவிடலாம்.

ஆனால் பேட்டரியைக் குற்றம் சொல்வதற்கு முன் டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள். என் வண்டியில் ஒருமுறை இதே சத்தம் வந்தது, கிளாம்ப் இறுக்கமாக இருந்தது, ஆட்டினால் அசையவில்லை, வெளியே துளி வெள்ளைப் பூச்சு கூட இல்லை. கழற்றினால் உள்வளையம் முழுக்கப் புகைபிடித்த மாதிரி ஒரு கருஞ்சாம்பல் படலம். அரத்தாள் போட்டுத் தேய்த்து, காரீயம் பளபளத்ததும் மாட்டினேன், முதல் திருப்பிலேயே பிடித்தது. அவ்வளவு மெல்லிய படலம் 0.02 ஓம் கொடுத்தால்கூட 150 ஆம்பியரில் 3 வோல்ட்டைத் தின்றுவிடும்.

சரி, எப்படிச் சோதிப்பது? பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து சில மணி நேரம் விடுங்கள். டெர்மினலைக் கழற்றும்போது எப்போதும் மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும், பக்கத்தில் தீப்பொறி கூடாது. சுத்தம் செய்து மாட்டிய பின், மீட்டர் முனைகளைப் பேட்டரியின் காரீயக் கம்பங்களிலேயே வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது. அப்புறம் ஒரு முனையைக் கம்பத்திலும் இன்னொன்றை அதன் கிளாம்பிலும் வைத்து மறுபடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள், கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் வந்தாலே அந்த இணைப்பு சரியில்லை. என்ஜினுக்குப் போகும் எர்த் கம்பியையும் இதே மாதிரி பாருங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஸ்க்ரூ டிரைவரை வைத்து சொலினாய்டின் இரண்டு போல்ட்டுகளையும் இணைத்துப் பார் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஒரு செயலில் பாதுகாப்பு ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறீர்கள், கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே பாயும். பேட்டரியை கான்கிரீட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்பதையும் நம்ப வேண்டாம்; பழங்காலத்து மரப்பெட்டிக்கும் ரப்பர் பெட்டிக்கும் அது ஓரளவு பொருந்தியிருக்கலாம், இன்றைய பிளாஸ்டிக் பெட்டி வழியே எதுவும் கசிவதில்லை. மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் எந்தத் தரையிலும் சார்ஜ் இறங்கத்தான் செய்யும்.

இவ்வளவும் சரியாக இருந்து, என்ஜின் அரைச் சுற்று சுற்றி ஒரே இடத்தில் மல்லுக்கட்டி நின்றால் வால்வு இடைவெளியை அளந்து பாருங்கள். ஸ்டார்ட் ஆகும்போது அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வைத் துளி திறந்து வைக்கும் ஏற்பாடு பல என்ஜின்களில் உண்டு, இடைவெளி கூடிவிட்டால் அது திறக்காது, நல்ல பேட்டரிகூட அங்கே திணறும்.