நாலு அங்குலமா, ஆறு அங்குலமா?

பந்து எறியும் ரோபோவுக்குப் பெரிய சக்கரம் போட்டால் தூரமாகப் போகுமா என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். பள்ளி மாணவர்கள் ரோபோ செய்து மோதும் ஃபர்ஸ்ட் (FIRST) ரோபாட்டிக்ஸ் போட்டியின் 2022ஆம் ஆண்டு விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். 24 செ.மீ. விட்டமும் சுமார் 270 கிராம் எடையும் உள்ள ராட்சச டென்னிஸ் பந்து, 2.64 மீட்டர் உயரத் தொட்டிக்குள் விழ வேண்டும். ஒரு நேரத்தில் ரோபோ இரண்டு பந்துதான் வைத்துக்கொள்ளலாம்.

சுழலும் சக்கரத்துக்கும் வளைந்த தகட்டுக்கும் நடுவே பந்து நசுங்கி உருண்டு வெளியே வரும். சக்கரம் இழுக்கிறது, தகடு அசையாமல் நிற்கிறது, ஆகவே பந்துக்குக் கிடைப்பது சக்கர விளிம்பின் வேகத்தில் பாதிதான். பந்து நொடிக்கு 10 மீட்டர் போக வேண்டுமென்றால் விளிம்பு 20 மீட்டர் ஓட வேண்டும்: 4 அங்குல விட்டச் சக்கரத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,760 சுற்று, 6 அங்குலத்துக்கு 2,500. எது போட்டாலும் பந்து அதே தூரம்தான்.

தலைவலி இரண்டாவது பந்தில். முதல் பந்து ஓட்டமும் சுழற்சியுமாகச் சக்கரத்திடமிருந்து சுமார் 22 ஜூல் ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். சக்கரம் ஒரு கிலோ எடையுள்ள வட்டு என்றால், அந்த வேகத்தில் அதில் இருப்பதே 100 ஜூல், உரசலில் போவது தனி. அதில் 22 ஜூல் போனால் வேகம் சுமார் 12 சதவீதம் விழும், அடுத்த பந்தின் தூரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

அப்போ பெரிய சக்கரம் அதிக ஆற்றலைச் சேமிக்குமே என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்! விளிம்பில் இருக்கும் ரப்பர்த் துணுக்குக்குத் தான் பெரிய வட்டத்தில் ஓடுகிறோமா சின்ன வட்டத்திலா என்பதெல்லாம் தெரியாது. அதன் ஆற்றல் எடையையும் வேகத்தையும் மட்டுமே பொறுத்தது. ஆரம் கூடினால் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சியை மாற்றுவது எவ்வளவு கடினம் என்ற அளவு) ஆரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், ஆனால் அதே விளிம்பு வேகத்துக்குச் சுற்று குறைவதால் சுற்றின் வர்க்கமும் அதே அளவு குறைந்து இரண்டும் கழிந்துபோகும். எடையும் விளிம்பு வேகமும் ஒன்றென்றால் 4 அங்குல வட்டும் 6 அங்குல வட்டும் ஒரே ஆற்றல்தான். குயவர் சக்கரத்தின் விளிம்பைக் கனமாகச் செய்வதும் இதற்குத்தான், வேகமாக ஓடுகிற இடத்தில் எடை இருக்கட்டும் என்று.

"போன வருஷம் 6 அங்குலத்தில்தான் ஜெயித்தோம், அதுதான் ராசி" என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. நானாக இருந்தால் 4 அங்குலத்தை எடுத்துப் பல்சக்கரம் இல்லாமல் மோட்டாரில் நேராக மாட்டி, ஆற்றலைச் சேமிக்க அதே அச்சில் ஒரு பித்தளை வட்டும் சேர்ப்பேன். ஓட்டம் எடுக்கக் கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லை. முதல் பந்து போனதும் மோட்டார் சத்தம் ஒரு சுருதி இறங்கும், காதாலேயே கேட்கலாம்; அது ஏறி வந்த பிறகு அடுத்த பந்தை விடுங்கள்.