காஸ்பல் பாடல் – நற்செய்திப் பாடல்

கிறிஸ்தவப் பாட்டு எதுவானாலும் 'காஸ்பல் சாங்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கடவுளைப் பார்த்துப் பாடுவது ஒன்று, அவரைப் பற்றி எதிரே இருப்பவரிடம் பாடிச் சொல்வது இன்னொன்று. காஸ்பல் பாடல் இந்த இரண்டாவது வகை. கேட்கிறவருக்கு ஒரு சேதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை.

'காஸ்பல்' என்ற சொல்லின் மூலம் பழைய ஆங்கிலத்தின் 'கோட்ஸ்பெல்', அதாவது நல்ல சேதி. 'கோட்' என்பது நல்ல, 'ஸ்பெல்' என்பது சேதி. கடவுளைக் குறிக்கும் 'காட்' என்ற சொல்லோடு ஒலி நெருங்கியதால், பின்னாளில் 'கடவுளின் சேதி' என்றும் பொருள் கொண்டார்கள். கிரேக்கத்தின் 'எவாங்கெலியோன்' என்ற சொல்லை அப்படியே பெயர்த்ததுதான் இது. கிரேக்கத்தில் அது ஆதியில் நல்ல சேதி கொண்டுவருபவருக்குக் கொடுக்கும் வெகுமதியைக் குறித்தது. அப்புறம் சேதிக்கே பெயரானது.

தமிழில் இதற்குச் 'சுவிசேஷம்' என்ற சொல் வந்தது. வடமொழியில் 'சு' என்றால் நல்ல. விசேஷம் நமக்குத் தெரிந்ததே, ஊரிலிருந்து வந்தவரிடம் "என்ன விசேஷம்?" என்று கேட்டால் சேதி என்ன என்றுதான் பொருள். 1995இல் வந்த திருவிவிலியம் என்ற பைபிள் மொழிபெயர்ப்பு 'நற்செய்தி' என்றே எழுதுகிறது.

பாடி அறிவிக்கும் வழக்கம் இந்தப் பெயருக்கு வெகுகாலம் முந்தியது. சங்கீதங்கள், கீர்த்தனைகள், ஞானப்பாட்டுகள் மூன்றையும் பைபிளின் கொலோசெயர் 3:16 ஒரே மூச்சில் சொல்கிறது. அதே வசனம், ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லவும் சொல்கிறது. பிலிப்பி பட்டணத்துச் சிறையில், இயேசுவைப் பற்றி அறிவித்துவந்த பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள். மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பைபிளின் 'அப்போஸ்தலர் நடபடிகள்' புத்தகம் குறித்திருக்கிறது. அந்தச் சின்னக் குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பாடியது கடவுளை நோக்கி, ஆனாலும் பக்கத்து அறைக்கும் சேதி போய்விட்டது.

பாட்டு வகைக்கு 'காஸ்பல்' என்ற பெயர் நிலைத்தது 1870களில், அமெரிக்காவில். 1874இல் ஃபிலிப் பிளிஸ் இந்தப் பெயரிலேயே ஒரு பாடல் தொகுப்பு வெளியிட்டார். அதே ஆண்டில் பாடகர் ஐரா சாங்கி, மூடி என்ற போதகரோடு ஸ்காட்லாந்தில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். ரயில் பயணத்தில் வாங்கிய செய்தித்தாளில், காணாமல்போன ஆட்டைத் தேடிப் போகும் மேய்ப்பனைப் பற்றி ஒரு கவிதை இருந்தது. கத்தரித்து வைத்துக்கொண்டார். எடின்பரோ கூட்டத்தில் அந்தத் துண்டை ஆர்மோனியம் போன்ற சிறிய ஆர்கன் மேல் வைத்து, அங்கேயே மெட்டமைத்தபடி பாடினார். பிரசங்கம் முடிந்த கையோடு, அதே சேதி பாட்டாக வந்தது.

இன்று காஸ்பல் என்றதும் உலகம் நினைப்பது கறுப்பின அமெரிக்கத் திருச்சபைகளின் இசையை. ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்க இசையில் பியானோ வாசித்துவந்த தாமஸ் டார்சி, 1930களில் சிகாகோ தேவாலயங்களில் இதை வளர்த்தார். 1932இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் பறிகொடுத்த துயரத்தில் அவர் எழுதிய பாட்டு இன்றும் பாடப்படுகிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'பக்திப்பாடல்' என்றால் சேதி என்ற பொருளே போய்விடும். 'கீர்த்தனை' என்பது பல்லவி, அனுபல்லவி, சரணம் கொண்ட பாட்டு வடிவத்தின் பெயர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அந்த வடிவத்தில் விசுவாசத்தைப் பாடிப் பரப்பினார். ஆனால் எல்லா நற்செய்திப் பாடலும் கீர்த்தனை ஆகாது. 'சுவிசேஷ கீதம்' தவறில்லை, பழைய தலைமுறைக்குப் பழக்கமும்கூட. என்றாலும் சபைக்கு வெளியே இருப்பவருக்கும் கேட்டவுடனே விளங்குவது 'நற்செய்திப் பாடல்'தான், அவருக்காகத்தானே பாடுகிறோம். கறுப்பின மரபை மட்டும் குறிக்கும்போது 'காஸ்பல் இசை' என்றே விடலாம், அது ஒரு மரபின் பெயர். எழுதும்போது 'நற்செய்திப் பாடல்' என்பதில் ப் மிகும்; 'நற்செய்தி இசை' என்பதில் மிகாது.