பிரிட்ஜ்வாட்டர் வண்டிகளில் விளக்கு எப்படி ஓடுகிறது?

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நவம்பர் குளிரில், ராத்திரியில், தெருவை அடைத்துக்கொண்டு வண்டிகள் வருகின்றன. மேலிருந்து கீழ்வரை பல்புகள். அந்த வெளிச்சம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எதற்காக இந்தத் திருவிழா, அவ்வளவு கரண்ட் எங்கிருந்து வருகிறது, விளக்கு எப்படி ஓடுகிறது?" மூன்றும் நல்ல கேள்விகள். எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது.

அவர் பார்த்தது சாமர்செட் பகுதியில் இருக்கும் பிரிட்ஜ்வாட்டர் ஊரின் கை ஃபாக்ஸ் கார்னிவல். 1605 நவம்பர் 5 விடிவதற்கு முன்பு, லண்டனில் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அறையில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் பிடிபட்டார். மன்னர் முதலாம் ஜேம்ஸையும் நாடாளுமன்றத்தையும் சேர்த்தே தகர்க்கக் கத்தோலிக்கர் சிலர் போட்ட சதி அது. அடுத்த ஆண்டே அந்த நாளை நன்றி செலுத்தும் நாளாக்கிச் சட்டம் வந்தது. 1859 வரை அது நடப்பில் இருந்தது. ஊர் ஊராகச் சொக்கப்பனை மாதிரி பெரிய நெருப்பு மூட்டினார்கள். பிரிட்ஜ்வாட்டர் ஆற்றுத் துறைமுகம் என்பதால் அங்கே பழைய மரப்படகையும் தார் பீப்பாய்களையும் போட்டு எரித்தார்கள். வேஷம் கட்டிக்கொண்டு நெருப்பை நோக்கிப் போன கூட்டம்தான் மெல்ல மெல்ல ஊர்வலமானது. 1880களில் அதை நடத்த முறையான குழு வந்தது. 1920களில் நடுத்தெரு நெருப்பு நின்றுபோனது. ஊர்வலம் நிற்கவில்லை.

இதையெல்லாம் கெட்ட ஆவிகளை விரட்டிய பழங்கால நெருப்பு வழிபாட்டின் மிச்சம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண்டும் தேதியும் சட்டமும் கையில் இருக்கும்போது, சான்றில்லாத தொன்மையை ஏன் தேடிப் போக வேண்டும்? நானூறு ஆண்டு வரலாறே போதுமான பெருமை.

சரி, கரண்ட். 'கார்ட்' எனப்படும் இந்த வண்டிகளில் பெரியவை சுமார் 30 மீட்டர் நீளம், 5 மீட்டர் உயரம். ஒரே வண்டியில் இருபதாயிரத்துக்கும் மேல் பல்பு இருக்கும். கட்டுவது தொழில்முறை நிறுவனம் இல்லை. உள்ளூர் கிளப்புகளில் சேர்ந்தவர்கள், வேலை முடிந்த நேரத்தில், ஆண்டு முழுக்க வெல்டிங் செய்து, வயர் இழுத்துக் கட்டுகிறார்கள். பல்பு ஒன்றுக்கு 15 வாட் என்று வைத்துக்கொண்டால், 20,000 பல்புக்கு 300 கிலோவாட். அதனால்தான் வண்டியை இழுக்கும் டிராக்டர் பெரிய டீசல் ஜெனரேட்டர் ஒன்றையும் சேர்த்து இழுக்கிறது. ஆனால் எல்லா பல்பும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஓடும் விளக்கு வரிசையில் எந்த பல்பும் நகர்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வரிசையில் உள்ள பல்புகளை 1, 2, 3, 1, 2, 3 என்று மூன்று தனிச் சுற்றுகளில் இணைப்பார்கள். முதலில் எல்லா 1-களும் எரியும். அவை அணைந்ததும் 2-கள், அப்புறம் 3-கள், மறுபடி 1-கள். அவ்வளவுதான். வெளிச்சம் ஒரே திசையில் ஓடுவதாகக் கண் சொல்கிறது.

ஏன் மூன்று? இரண்டு சுற்று போதாதா? இரண்டு மட்டும் வைத்துப் பாருங்கள். 1 அணைந்து 2 எரிகிறது. ஆனால் அணைந்த பல்புக்கு வலப்பக்கமும் ஒரு 2, இடப்பக்கமும் ஒரு 2, இரண்டும் ஒரே தூரத்தில். வெளிச்சம் எந்தப் பக்கம் போனது என்று மூளைக்கு முடிவெடுக்க வழியில்லை, வெறும் மினுக்கலாகத் தெரியும். மூன்று வைத்தால் அந்தச் சமநிலை உடைகிறது. அணைந்த 1-இலிருந்து வலப்பக்கத்து 2 ஓர் அடியில் இருக்கிறது. இடப்பக்கத்து 2 இரண்டு அடி தள்ளி. மூளை எப்போதும் கிட்டத்தில் இருப்பதையே "அதே வெளிச்சம்" என்று எடுத்துக்கொள்ளும். திசை பிறந்துவிட்டது! அணையும் வரிசையை 3, 2, 1 என்று மாற்றினால் ஓட்டமும் திரும்பிவிடும். நான்கு சுற்று என்றால் ஓர் அடிக்கு எதிராக மூன்று அடி, குழப்பம் இன்னும் குறையும். நம் ஊர்த் திருவிழா சீரியல் செட்டுகளிலும் இதே கணக்குதான்.

இந்த மாயையை ஆய்வுக்கூடத்தில் அளந்தவர் மாக்ஸ் வெர்த்தைமர், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில். 1912இல் கட்டுரையாக வெளியிட்டார். இரண்டு கோடுகளை அடுத்தடுத்துக் காட்டினார். இடைவெளி 30 மில்லிசெகண்டுக்குக் குறைந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. 200-ஐத் தாண்டினால் ஒன்றன்பின் ஒன்றாக. 60-ஐ ஒட்டி வைத்தபோது ஒரே கோடு நகர்ந்தது. கோடுகள் மின்னுவதைப் பார்த்து மாதக்கணக்கில் குறிப்பெடுக்கும் ஒருவருக்கு இன்று எந்த நிதிக்குழு பணம் கொடுக்கும்? "இதனால் என்ன பயன்" என்ற கட்டத்தில் அவர் எதை எழுதியிருப்பார்? இத்தகைய ஆய்வுகளுக்குக் கேள்வி கேட்காமல் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காட்சி உணர்வைப் பற்றிய உளவியலில் ஒரு பெரிய கிளையே அந்த மின்னல் கோடுகளிலிருந்துதான் வளர்ந்தது.

பழைய டங்ஸ்டன் பல்புக்கு இன்னொரு அழகு உண்டு. அதன் இழை 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகி ஒளிர்கிறது. கரண்டை நிறுத்தினாலும் சூடு உடனே போகாது. ஒரு பல்பு மங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது பிரகாசமாகிறது. அந்த மேற்பொருந்தலில் ஓட்டம் வழுக்கிச் செல்கிறது. குறைந்த வாட் பல்பில் இழை மெல்லியது, சீக்கிரம் ஆறும். அதனால் வேகமாக ஓட வேண்டிய இடத்துக்குச் சிறிய பல்புதான் பொருத்தம். இழை முழுக்க ஆறாததில் ஜெனரேட்டருக்கும் லாபம். ஆறிப்போன டங்ஸ்டனின் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. அதனால் குளிர்ந்த பல்புகளை மொத்தமாகப் போட்டால், அந்த முதல் கணத்தில் கரண்ட் பல மடங்கு எகிறும். பாதி சூட்டோடு இருக்கும் இழை அவ்வளவு இழுக்காது. எல்இடியில் இந்த மங்கல் தானாக வராது. சட்டென்று எரியும், சட்டென்று அணையும். டீசல் பெருமளவு மிச்சம் என்றாலும், பழைய மென்மை வேண்டுமென்றால் ஒளியைப் படிப்படியாகக் குறைக்க மின்னணுச் சுற்றில் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாசகருக்கு ஒரு யோசனை. மகன் அனுப்பிய வீடியோவை நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். ஒரு வரிசையில் எரியும் பல்புக்கும் அடுத்து எரியும் பல்புக்கும் நடுவே அணைந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு இருந்தால் மூன்று சுற்று, மூன்று இருந்தால் நான்கு. வண்டி முன்னால் வரும்போது விளக்குகள் பின்னோக்கி ஓடும் வரிசை ஏதாவது இருந்தால் அதையும் கவனியுங்கள். இரண்டு வேகமும் பொருந்திவிட்டால், அந்த வெளிச்சம் தெருவில் ஒரே இடத்தில் நிற்க, வண்டி மட்டும் அதைக் கடந்து போவதாகத் தெரியும்.