கை மறக்காததுதான் சிக்கல்

1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் சுமார் 17,300 அடி உயரத்தைத் தொட்டபோது, கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதி வெளியே தொங்கியது. சிப்பந்திகள் அவருடைய கால்களை இறுகப் பிடித்திருக்க, துணை விமானி விமானத்தைத் தரையிறக்கினார். கேப்டன் பிழைத்துக்கொண்டது ஆச்சரியம்தான்.

27 மணி நேரத்துக்கு முன்புதான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84, தேவையானதைவிட விட்டத்தில் 0.026 அங்குலம் குறைவு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாற்றியவர் கற்றுக்குட்டி அல்லர், அனுபவசாலி. உதிரிபாகப் பட்டியலைப் புரட்டாமல், பழைய போல்ட்டுக்கு இணையானதைக் கண்ணளவில் தேர்ந்தெடுத்திருந்தார்.

விமானத் துறையில் இவரைப் போன்ற அனுபவசாலிகளான பராமரிப்புப் பணியாளர்களும் பயிற்றுநர்களும் ஏன் திரும்பத் திரும்பப் பயிற்சிக்குப் போகிறார்கள் என்று கேட்டால், 'மறந்துவிடும்' என்ற பதில்தான் முதலில் வரும். அது பாதி உண்மை. மறதி வேகமானது என்று ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே காட்டினார்; மறந்ததை மறுபடி படிக்க முதல்முறையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்றும் அவரே காட்டினார். ஆகவே மறதிக்கு மருந்து எளிது.

நன்றாகப் பதிந்துவிட்டதுதான் கடினம். பலமுறை செய்த வேலையை மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகள் என்ற பகுதிகள் பழக்கமாக்கிவிடுகின்றன. கவனம் தேவைப்படாமல் கை தானே ஓடும். முறை மாறும்போது பழைய பதிவு அழிவதில்லை. புதியது அதனோடு போட்டியிடுகிறது, பதற்றத்தில் பழையதே முந்திக்கொள்கிறது.

ஸ்டால் பயிற்சியைப் பாருங்கள். இறக்கை தூக்குவிசையை இழக்கும் அந்த நிலையில், உயரத்தை இழக்காமல் மீள்வதே திறமை என்று நீண்டகாலம் கற்பித்தார்கள். 2009-இல் நடந்த ஸ்டால் விபத்துகளுக்குப் பிறகு அழுத்தம் மாறியது: முதலில் விமானத்தின் மூக்கைத் தாழ்த்து, உயரம் போனால் போகட்டும். மாணவருக்கு இது வெறும் பாடம். எதிர்ப்பாடத்தைப் பல்லாண்டுகள் சொல்லிக்கொடுத்த பயிற்றுநருக்கோ, தன் கையோடே சண்டை.

பராமரிப்புக் கூடத்திலும் இதே கதை. அலுமினியத்தில் அடிபட்டால் பள்ளம் தெரியும். போயிங் 787-இன் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன் இழைக் கலவை. மேற்பரப்பு பளிச்சென்று இருக்கும்போதே உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். கண்ணை நம்பியே பழகியவர் இப்போது நாணயம் போன்ற ஒன்றால் தட்டிக் காது கொடுக்கிறார்: நல்ல இடம் கணீரென்கிறது, பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் மீயொலிக் கருவி வருகிறது.